வீட்டில் சண்டித்தனம், பட்டறையில் சாது: சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பிக்-அப்

செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நேரம் போகப் போகப் பழத்தில் அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும், கைக்கு வரும் பணமும் குறையும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் சிறு தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், குத்தகைக்குப் புல் வெட்டுபவர்களுக்கும் பிக்-அப் வாகனம்தான் கையும் காலும். அது ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் அசையாமல் நிற்கிறது. பத்து முறை திருப்பிய பிறகு, ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் முதல் திருப்பிலேயே எடுத்துவிடுகிறது.

முழுதாகக் கெட்டுப்போன வாகனத்தைப் பழுதுபார்ப்பது எளிது. விட்டு விட்டு மக்கர் செய்வதுதான் செலவு வைக்கும். குறை கண்ணில் படாததால் பட்டறைக்காரர் ஊகத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. முதலில் பேட்டரி மாற்றப்படுகிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே கதை. அடுத்து ஆல்டர்னேட்டர், அதற்கடுத்து ஸ்டார்ட்டர். ஒவ்வொன்றுக்கும் சில நூறு வெள்ளி. இதில் பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாகனம் சண்டித்தனம் செய்த அந்த நிமிடத்திற்கு ஓட்டுநர்தான் ஒரே சாட்சி. அவர் சாட்சி சொல்லும் விதத்தில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இருக்கிறது.

நாம் பேசும்போது "ஸ்டார்ட் எடுக்கல" என்கிறோம். இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. இன்ஜின் சுற்றவே இல்லை என்பது ஒன்று. இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. முதலாவது மின்சாரம் சார்ந்தது. இரண்டாவது பெரும்பாலும் டீசல் சார்ந்தது. இதைப் பிரித்துச் சொல்லாமல் வாகனத்தை விட்டுவிட்டு வந்தால், பட்டறையில் எந்தப் பக்கம் தேடுவது என்றே தெரியாது.

முதலாவதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டருக்கான முழு மின்சாரமும் சாவி வழியாகப் போவதில்லை. சாவியிலிருந்து கிளம்பும் சிறிய மின்னோட்டம், கியர் பூட்டுச் சுவிட்ச் அல்லது கிளட்ச் சுவிட்ச், ரிலே ஆகியவற்றைக் கடந்து ஸ்டார்ட்டரின் மேல் இருக்கும் சோலனாய்டைத் தூண்டுகிறது. சோலனாய்டு உள்ளே இருக்கும் செப்புத் தட்டை இழுத்து இரண்டு செப்பு முனைகளோடு சேர்க்கும். அப்போதுதான் பேட்டரியிலிருந்து பெரிய மின்னோட்டம் பாய்ந்து ஸ்டார்ட்டர் சுற்றும். அமெரிக்காவின் சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912இல் கேடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன்பு கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் இன்ஜினை எடுத்தார்கள். கை முறிந்தவர்களும் உண்டு.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைச் செலவில்லாமல் அறிய ஒரு வழி உண்டு. அடுத்த முறை மக்கர் செய்யும்போது முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி, "டக டக டக" என்று சத்தம் வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது முனைகளில் பிடிப்பு சரியில்லை. விளக்கு அடியோடு அணைந்து மீண்டும் எரிந்தால் பெரும்பாலும் பேட்டரி முனை தளர்ந்திருக்கும். விளக்கு மங்காமல் ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால் சோலனாய்டு வேலை செய்கிறது, ஆனால் செப்பு முனைகளில் மின்சாரம் பாயவில்லை என்று சந்தேகிக்கலாம். விளக்கும் மங்கவில்லை, சத்தமும் இல்லை என்றால் சாவி, ரிலே, கிளட்ச் சுவிட்ச் பக்கம் தேட வேண்டும். ஆட்டோ கியர் வாகனமாக இருந்தால் கியரை "என்" நிலையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். அதில் எடுத்து "பி" நிலையில் எடுக்காவிட்டால் கியர் சுவிட்ச்தான் குற்றவாளி.

அந்த ஒற்றை "டக்" சத்தம் ஹைலக்ஸ் உரிமையாளர்கள் பலருக்குப் பழகியதுதான். ஹைலக்ஸ் உட்படப் பல டொயோட்டா வாகனங்களில் வரும் டென்சோ ஸ்டார்ட்டரில், ஆண்டுக்கணக்கில் ஓடிய பின் அந்தச் செப்பு முனைகள் தேய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் சிறு தீப்பொறி தட்டி செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. இரண்டு முனைகளில் ஒன்று அதிகமாகத் தேயும்போது தட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை. திரும்பத் திரும்பச் சாவி போடும்போது தட்டு சற்றே சுழன்று தேயாத இடத்தில் பட்டுவிடுகிறது, வாகனம் எடுத்துவிடுகிறது. பதினோராவது முறை எடுப்பதன் ரகசியம் இவ்வளவுதான். முனைகளை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். முழு ஸ்டார்ட்டரின் விலையில் அது ஒரு சிறு பங்குதான்.

பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையிலுள்ள இணைப்புகளும் முக்கியம். ஜெராம், பாசிர் பெனாம்பாங் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று, தோட்டப் பாதையில் செம்மண் தூசியும் சேறும். எர்த் வயர் உடம்பிலும் இன்ஜினிலும் சேரும் இடங்களில் துரு பிடிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். துருவால் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு எதிர்ப்பு கூடினாலே 2 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். விளக்குக்கும் வானொலிக்கும் இந்த இழப்பு தெரியாது, ஸ்டார்ட்டருக்குத் தெரியும். அதனால்தான் "விளக்கு நன்றாக எரிகிறது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்ற தீர்ப்பை முழுமையாக நம்பக்கூடாது.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சாதாரண வகை இரும்புக்கடையில் முப்பது வெள்ளிக்குள் கிடைக்கும். இரவு முழுவதும் நின்ற வாகனத்தில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஒருவர் சாவியைத் திருப்பும்போது மீட்டரைப் பாருங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் கழித்தல் முனையிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து மாட்டுங்கள். கழற்றும்போது பேட்டரியின் கழித்தல் முனையை முதலில் எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாகக் காட்டி, அப்படியும் வாரத்தில் ஒருநாள் மக்கர் செய்தால்? ஸ்டார்ட்டரின் மெல்லிய வயர் முனையிலிருந்து ஃபியூஸ் போட்ட ஒரு வயரை இழுத்து, ஓட்டுநருக்குத் தெரியும் இடத்தில் 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். மக்கர் செய்யும்போது பல்பு நன்றாக எரிந்தால் சாவி, ரிலே, சுவிட்ச் எல்லாம் கடமையைச் செய்துவிட்டன, குறை ஸ்டார்ட்டரிலோ பெரிய வயர்களிலோதான். பல்பு எரியாவிட்டால் ஸ்டார்ட்டரைக் கழற்றவே தேவையில்லை. பட்டறையில் தன்னை ஒளித்துக்கொள்ளும் குறையைப் பிடிக்க இதைவிட மலிவான காவல்காரன் கிடைப்பது கடினம்.

இரண்டாவது நோய்க்கு வருவோம். இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் ஃபில்டர், காற்று புகுந்த குழாய், வடிகட்டியில் தேங்கிய நீர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். 1917இல் பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. இன்று அந்தச் செம்பனை டீசல் தொட்டிக்குள்ளும் வந்துவிட்டது. 2019 முதல் போக்குவரத்துத் துறைக்கு 10 விழுக்காடு செம்பனை கலந்த பி10 டீசல் விற்கப்படுகிறது. இந்தக் கலவை சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும். தொட்டியைப் பாதியாக வைத்து நாள்கணக்கில் நிறுத்தாமல், ஃபில்டரில் நீர் வெளியேற்றும் திருகைத் திறந்துவிடும் பழக்கம் இருந்தால் போதும். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் அது டீசல் விஷயமல்ல. வாகனம் சாவியை அடையாளம் காணவில்லை, மாற்றுச் சாவியால் முயன்று பாருங்கள்.

அவசரத்தில் சிலர் ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்து எடுப்பதுண்டு. கியரில் நிற்கும் வாகனம் அந்த நொடியே ஆளின் மேல் ஏறிவிடும். அதைச் செய்யாதீர்கள்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது தேதி, காலையா மாலையா, இன்ஜின் சூடா குளிரா, மழையா வெயிலா, என்ன சத்தம், விளக்கு மங்கியதா, எத்தனையாவது திருப்பில் எடுத்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் கைப்பேசியில் அந்தச் சத்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள். ஸ்டார்ட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்னால், பழையதைத் திறந்து செப்பு முனைகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தேய்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியும்.