ஆயிரத்துக்குப் பன்னிரண்டு

2013-இல் அட்டப்பாடியில் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். இருளர், முடுகர், குறும்பர் வாழும் இந்த மலைப்பகுதி பாலக்காடு மாவட்டத்தில், கோவையை ஒட்டி இருக்கிறது. அதே ஆண்டு கேரளத்தின் சிசு மரண விகிதம் 12, இந்தியாவுக்கு 40. இவ்வளவு நல்ல கணக்குள்ள மாநிலத்திலா இப்படி என்று பலரும் திகைத்தார்கள்.

12 என்றால், உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 12 பேர் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தார்கள் என்று பொருள். ‘உயிரோடு பிறந்த’ என்பதைக் கவனியுங்கள். இறந்தே பிறந்த பிள்ளை இந்தக் கணக்கில் வராது, கருச்சிதைவும் வராது. பெற்றவளுக்கு எல்லாமே இழப்புதான். ஆனால் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்பவர் ஓர் எண்ணையும், சிசு மரணத்தை மட்டும் சொல்பவர் வேறோர் எண்ணையும் தருவார். இருவர் சொல்வதும் பொய்யல்ல.

அடுத்த கேள்வி, எத்தனை பிறப்புக்கு என்பது. மாநிலம் முழுவதும் பிறக்கும் லட்சக்கணக்கான குழந்தைகளோடு சேர்த்து வகுத்தால் அட்டப்பாடி கண்ணிலேயே படாது. தனியே வகுத்தால் வேறு சிக்கல். ஓர் ஊராட்சியில் ஆண்டுக்கு 250 பிறப்பு என்று வைத்துக்கொள்வோம். 3 குழந்தைகள் இறந்தால் விகிதம் 12. இன்னும் 2 இறந்தால் 20. அதனால்தான் சிறிய ஊர்களுக்குச் சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஓராண்டு குறைந்ததுமே வெற்றி என்று அறிவிப்பது அவசரம்.

நோய்க்கும் இரு கணக்கு உண்டு. இந்த ஆண்டு புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்பது ஒன்று. டெங்குவுக்கு அது வேண்டும். இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது மற்றொன்று. பிறவியிலேயே வந்து வாழ்நாள் முழுதும் நீடிக்கும் அரிவாள் செல் சோகைக்கு அதுதான் பொருந்தும். இந்தியாவில் அந்த ரத்தக் குறைபாடு முதலில் கண்டறியப்பட்டது 1952-இல், பக்கத்து நீலகிரிப் பழங்குடிகளிடம்.

அட்டப்பாடி மலைமக்களின் சொந்தபந்தம் கேரள-தமிழக எல்லைக்கு இருபுறமும் உண்டு. பதிவேடு மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. நம் சட்டப்படி பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும். எல்லையிலுள்ள ஆனைகட்டியைத் தாண்டிக் கோவை மருத்துவமனையில் இறக்கும் அட்டப்பாடிக் குழந்தை கோவைப் பதிவேட்டில்தான் ஏறும். இடுக்கியின் மறையூரிலிருந்து உடுமலைக்குச் சிகிச்சைக்கு வருவோருக்கும் இதே நிலைதான். வசிக்கும் ஊர்வாரியாக மறுபடி எண்ணாவிட்டால் மலையின் விகிதம் குறைவாகத்தான் தெரியும். குடும்பத்தின் ஊரைப் படிவத்திலேயே கேட்கிறார்கள். இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் அதை மாதந்தோறும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ள வேண்டும்.