மனநிறைவை அளக்க முடியுமா?

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. மனநல ஆலோசனை பெற்ற மாணவர் அதில் நிறைவு அடைந்தாரா என்பதை எதைக் கொண்டு அளப்பது?

1979-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கென ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். அதன் சுருக்க வடிவில் 8 வினாக்கள். வேண்டிய உதவி கிடைத்ததா, நண்பருக்கும் இதைச் சொல்வீர்களா, மீண்டும் வருவீர்களா என்பன அவற்றுட் சில. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். எனவே மொத்தம் 8-க்குக் குறையாது, 32-ஐத் தாண்டாது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 100 பேர் ஆலோசனைக்கு வந்தனர் எனக் கொள்வோம். 60 பேர் முதல் நாளோடு நின்றுவிட்டனர். எஞ்சிய 40 பேரைக் கேட்டதில் 36 பேர் நிறைவு என்றனர். நூற்றுக்குத் தொண்ணூறு என்று அறிக்கை பெருமைப்படும். நின்றவர்களின் குரலோ கணக்கில் இல்லை!

ஏன் நிற்கிறார்கள்? சொன்னது வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் ஒன்று. விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளுக்குக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வருவோர் பலர். ஆலோசனை மாலையில் என்றால், பேருந்தைப் பிடிப்பதா, ஆலோசகரைப் பார்ப்பதா?

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியது. கல்லூரிக்கு வெளியேயும் உதவி உண்டு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம்.

ஆலோசகரை நியமிப்பது முதற்படி. பாதியில் நின்றவரையும் தேடிச் சென்று காரணம் கேட்டால்தான் நம் அளவுகோல் நேராகும்.