தரையில் ஊன்றிய டவரே ஏரியல்

"உங்கள் டவர் இரும்பு. அடியில் மண்ணோடு இணைத்திருக்கிறீர்கள். அதில் ரேடியோ மின்சாரத்தைச் செலுத்தினால் எல்லாம் பூமிக்குள் போய்விடாதா?" நம் சங்க நண்பர்கள், குறிப்பாக மின்துறையில் பணிபுரிபவர்கள், என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போகாது என்பதுதான் பதில். ஏன் என்பதைச் சற்று விளக்குகிறேன்.

ஹாம் ரேடியோ என்னும் அமெச்சூர் வானொலிக்குப் பல அலைவரிசைகள் உண்டு. அவற்றில் 160 மீட்டரும் 80 மீட்டரும் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. இரவில்தான் வெகுதூரம் போகும். பகலில் வெயில் உண்டாக்கும் 'டி' அயனி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். கோடையிலும் மழைக்காலத்திலும் இடிமின்னல் இரைச்சல் காதைத் துளைக்கும். ஆகவே மார்கழி, தை மாதத்துக் குளிர் இரவுகளே எங்களுக்கு அறுவடைக் காலம்.

சிக்கல் ஏரியலில். 160 மீட்டருக்கு அரை அலைக் கம்பி கட்ட 80 மீட்டர் நீளம் வேண்டும். நாகபுரியில் என் மனையோ 40க்கு 60 அடி. எப்படியோ கட்டிவிட்டாலும், 60 அடி உயரத்தில் படுத்திருக்கும் கம்பி, அலையின் பெரும்பகுதியை நேரே வானத்தைப் பார்த்துத்தான் அனுப்பும். பக்கத்து ஊர்களுக்கு அது போதும்; கடல் கடந்து பேச, அலை அடிவானத்தை ஒட்டிச் செல்ல வேண்டும். அதற்குச் செங்குத்தான ஏரியல் தேவை. மற்ற அலைவரிசைகளுக்கான யாகி ஏரியலைத் தாங்கி 60 அடி டவர் ஒன்று முன்பே நிற்கிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன?

இது புதுமையல்ல. நடு அலை நிலையங்களில் கோபுரம்தான் ஏரியல். 1988இல் தொடங்கிய அகில இந்திய வானொலியின் தேசிய அலைவரிசை, நாகபுரியிலிருந்து 1566 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பானது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதன் அலைநீளம் சுமார் 191 மீட்டர். எங்கள் 160 மீட்டருக்கு அண்டை வீடு. அத்தகைய கோபுரங்கள் பலவற்றைப் பீங்கான் காப்பானின் மேல் நிறுத்துவார்கள். வீட்டு டவரை அப்படி நிறுத்துவது கடினம், அவசியமும் இல்லை.

வீணைத் தந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முனையும் இறுகக் கட்டியிருக்கிறது. இருந்தும் இடையில் மீட்டினால் அதிர்கிறது. டவரும் அப்படியே. அடிப்பாகத்தில் மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை, மின்னோட்டம் அதிகம். மேலே போகப்போக நிலைமை மாறுகிறது. எனவே அடியில் ஊட்டாமல், சற்று மேலே 'மீட்ட' வேண்டும்.

செய்முறை இதுதான். டவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, அதற்கு இணையாக ஒரு செம்புக் கம்பி இறங்குகிறது. அதன் மேல்முனை டவரோடு சேர்கிறது. கீழ்முனை, மாறும் கண்டென்சர் ஒன்றின் வழியாகக் கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பிக்குப் போகிறது. கேபிளின் வெளிவலை டவரின் அடிக்கு. கம்பி சேரும் உயரத்தை மாற்றி 50 ஓமுக்கு அருகில் கொண்டுவர வேண்டும். கம்பியின் தூண்டல் தன்மையைக் கண்டென்சர் ஈடுகட்டும். 80 மீட்டருக்குக் கம்பி தாழச் சேரலாம். 160க்கு என் டவரின் உச்சிவரை போக வேண்டியிருந்தது. உச்சியில் இருக்கும் யாகி, தொப்பி போல நின்று டவரின் மின்நீளத்தைக் கூட்டுவது கூடுதல் லாபம். 100 வாட்டிலேயே கண்டென்சரில் பல நூறு வோல்ட் எழும். தகடுகளுக்கிடையே நல்ல இடைவெளி வேண்டும். மழை புகாத பெட்டியும் வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், மண். டவரில் ஏறும் மின்னோட்டம் தரை வழியாகத்தான் திரும்புகிறது. டவரின் கதிர்வீச்சுத் தடை 10 ஓம், மண்ணின் இழப்பும் 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், 100 வாட்டில் 50 வாட் மண்ணைச் சூடாக்கவே செலவாகிறது. எங்கள் கரிசல் மண் ஈரமாக இருக்கையில் மணலைவிட நன்றாகவே மின்சாரம் கடத்தும். ஆயினும் அதை நம்பி இருந்துவிட முடியாது. டவரடியிலிருந்து நாலாபுறமும் செம்புக் கம்பிகளைப் பரப்ப வேண்டும். நீளமாக நாலைந்து போடுவதைவிட, குட்டையாக இருபது முப்பது போடுவது சிறிய மனைக்கு ஏற்றது. நான் சுவரோரம், பூச்செடிப் பாத்தி, நடைபாதைக்கு அடி என்று கிடைத்த இடத்திலெல்லாம் இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்திருக்கிறேன். மின்னலுக்காக அடித்த எர்த் கம்பி இந்த வேலையைச் செய்யாது. அது வேறு, இது வேறு, இரண்டும் வேண்டும்.

டவரைத் தரையிலிருந்து பிரிக்காததில் பெரிய நன்மை ஒன்று உண்டு. ஜூன் மாதத்து முதல் இடி இறங்கும்போது, வீட்டில் பிள்ளைகள் இருக்கையில், அந்த இரும்பு மண்ணோடு இணைந்திருப்பதே நமக்குப் பாதுகாப்பு. ஆனாலும் மேகம் கறுத்தவுடன் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒலிபரப்பும்போது அந்த இணைக்கம்பியைத் தொட்டால் கை வெந்துவிடும். அடிப்பாகத்தைச் சுற்றி மரவேலி போடுங்கள். டவர் சாய்ந்தாலும் தொடாத தூரத்தில் மின்வாரியக் கம்பி இருக்க வேண்டும்.

நாகபுரியிலிருந்து 900 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னை நண்பரோடு மாலையில் பேசுவது மட்டுமே நோக்கமென்றால், 80 மீட்டருக்குத் தாழக் கட்டிய சாதாரணக் கம்பியே போதும். உலகத்தின் மறுகோடியைக் கேட்க ஆசையா? டவரே வழி. இந்தியாவில் 12 வயது நிறைந்தவர்கள் மத்திய அரசின் தேர்வை எழுதி உரிமம் பெறலாம். பள்ளிப் பாடத்தில் படிக்கும் ஓம் விதி எதற்கு என்று கேட்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருந்தால், ஒரு மண்வெட்டியும் ஒரு சுருள் செம்புக் கம்பியும் கொடுத்து உடன் அழைத்துக்கொள்ளுங்கள். பதில் அவர்களுக்கே கிடைத்துவிடும்.