ஜார்ஜ் டவுனும் வக்ஃபின் இலக்கணமும்

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு என்றொரு தெரு உண்டு. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அத்தீவைக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட் வகுத்த முதல் தெருக்களுள் அதுவும் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களை அங்குள்ளோர் 'சூலியா' என்றழைத்தனர்; தெருவும் அப்பெயரைப் பெற்றது. அச்சமூகத்தின் தலைவராக விளங்கிய காதிர் முஹ்யித்தீன் மரைக்காயரின் முயற்சியால் 1801இல் பள்ளிவாசலுக்கெனக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் வழங்கிற்று. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என இன்று அறியப்படுவது அதுவே.

இத்தெருக்களை உள்ளடக்கிய பழைய நகரை, மலாக்காவுடன் சேர்த்து, 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இணைத்தது. மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டேர். அதைச் சூழ்ந்த காப்பு வளையம் 150 ஹெக்டேர். புதிய கட்டடங்களின் உயரம் 18 மீட்டரைத் தாண்டலாகாது என்பது விதி. அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே சிக்கல் எழுந்தது. அவ்வெல்லையைக் கடந்த நான்கு விடுதித் திட்டங்களுக்கு ஏற்கெனவே அனுமதி தரப்பட்டிருந்தது தெரியவந்தது. அனுமதியை மீட்டால் உரிமையாளர்களுக்கு இழப்பீடு தர நேரும். மீட்காவிட்டால் பட்டியலில் பெற்ற இடம் பறிபோகும். இது வெறும் மிரட்டலன்று. ஒரு பாலம் கட்டியதற்காக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து எல்பே பள்ளத்தாக்கு அப்பட்டியலிலிருந்து 2009இல் நீக்கப்பட்டது. நகராட்சி மன்றமும் மாநில அரசும் நீண்ட பேச்சுவார்த்தை நடத்தின. சில திட்டங்கள் 18 மீட்டருக்குள் சுருக்கப்பட்டன. நகரம் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

ஆயினும், உயரம் அளக்க எளியது. மன்றத்தின் அளவுகோலுக்கு எட்டாத மாற்றமொன்று அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்து முடிந்திருந்தது.

1948க்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயரவிடாமல் தடுத்து வைத்திருந்தது. பினாங்கு மாநிலத்தில் மட்டும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன்கீழ் இருந்தன. தையற்காரர், பொற்கொல்லர், நாணயம் மாற்றுவோர், உணவுக்கடை வைத்திருப்போர் எனப் பலரும் தலைமுறை தலைமுறையாகக் கீழே கடையும் மேலே வீடுமாக வாழ்ந்தனர். மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கூரை ஒழுகினால் ஓடு மாற்றவும் அவ்வாடகை போதாது. ஆகவே உரிமையாளர் பழுது பார்க்கவில்லை. நகரம் இடிக்கப்படாமலும் இருந்தது, மெல்லச் சிதைந்துகொண்டும் இருந்தது. 1999 இறுதியில் சட்டம் முற்றாக விலகியதும் வாடகை பன்மடங்காயிற்று, குடியிருந்தோர் வெளியேறினர். காலியான வீடுகள் சிலவற்றின் சன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை ஒலிக்கவிட்டு, கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தனர். மனிதர் அகன்ற வீட்டில் பறவைகள் குடியேறின! பின்னர் மன்றம் அதனைப் பாரம்பரியப் பகுதியிலிருந்து அகற்றிற்று. அடுத்து வந்தவை விடுதிகளும் காப்பிக் கடைகளும்.

இதைப் படிக்கையில், வக்ஃபுப் பாடம் நடத்தும் என்னைப் போன்றோருக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வராமலிராது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலம் குறித்து உமர் (ரலி) ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் விளைவை அறமாக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மூலம், பயன் என்னும் இரண்டும் ஒருசேர நிலைத்தால்தான் வக்ஃபு. வாடகைக் கட்டுப்பாடு பயனைக் குடியிருந்தோர்க்கு அளித்து மூலத்தைப் பட்டினி போட்டது. அதன் நீக்கம் மூலத்துக்கு வண்ணம் பூசிப் பயனை வேறு கைக்கு மாற்றிற்று. ஃபிக்ஹு நூல்களோ வக்ஃபு வருவாயின் முதற்செலவு அதன் பராமரிப்பே என்கின்றன. வக்ஃபு செய்தவர் அதை நிபந்தனையாகக் குறிப்பிடாவிடினும் அவ்வாறே என ஹனஃபி அறிஞர்கள் உறுதிபடக் கூறுவர்.

ஆனால் ஃபிக்ஹை இங்கு எளிய விடையாகக் காட்டுவது நேர்மையாகாது. நியாய வாடகைக்கு, அதாவது 'உஜ்ரத்துல் மிஸ்ல்' என்னும் சந்தை மதிப்புக்கு, மிகக் குறைவாக வக்ஃபுச் சொத்தை விடுவது முத்தவல்லிக்கு ஆகுமானதன்று என்பதும் அதே நூல்களில்தான் இருக்கின்றது. பள்ளிவாசல் நிலத்தில் வாழும் ஏழைக் குடும்பத்துக்கு அப்போது என்ன பாதுகாப்பு? பினாங்கின் சூலியா சமூகத்துக்கு இது ஏட்டளவான கேள்வியன்று. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அறக்கட்டளை வாரியம், பள்ளிவாசலைச் சூழ்ந்த வக்ஃபுக் குடியிருப்புகளை அகற்றித் தெருக்களைச் சீராக்கிக் கடைவீடுகள் எழுப்பிற்று. இன்று பாரம்பரியச் சின்னமெனப் போற்றப்படும் கடைவீடுகளுட் சில, முன்னொரு 'வளர்ச்சி'யில் ஒரு குடியிருப்பு அழிந்த இடத்தில் நிற்பவை. இவ்வரலாற்றை கூ சல்மா நசூதியோன் தம் 2014ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்விடத்தில் மாணவர் பெரும்பாலும் கவனியாது கடந்துபோகும் 'ஹிக்ர்' என்னும் பகுதி கைகொடுக்கின்றது. வக்ஃபு மனையை நெடுங்காலக் குத்தகைக்கு எடுத்துத் தன் செலவில் கட்டியவரை, நியாய வாடகை செலுத்தும் வரை வெளியேற்றலாகாது என்பர் பிற்கால ஹனஃபி அறிஞர்கள். அந்த வாடகையும் வெற்று மனையின் மதிப்பைக் கொண்டே கணிக்கப்படும். சந்தை உயர்ந்தால் வாடகையும் உயரும். ஆனால் அவர் உழைப்பால் கூடிய மதிப்பை அவர்மீதே சுமத்தலாகாது.

ஜார்ஜ் டவுனின் மதிப்பைக் கூட்டியவர் யார்? யுனெஸ்கோ அந்நகரைத் தெரிவு செய்தது சுவர்களுக்காக மட்டுமன்று; பல சமூகங்கள் அருகருகே நடத்திய வாழ்வுக்காகவும்தான். அவ்வாழ்வை நடத்தியவர்கள் வாடகைக் குடியினர். மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. அதன்பின் மன்ற உறுப்பினர்கள் நியமனம் பெறுவோரே. ஆகவே தம் தெருவின் எதிர்காலத்தை முடிவு செய்யும் மன்றத்தைத் தெரிவு செய்யும் வாக்கும் அவர்களிடம் இல்லை. 2016இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம் கட்டடங்களை எவ்வாறு பேணுவதென விரிவாக வரையறுத்தது. வாடகைக்கு உச்சவரம்போ, ஹிக்ர் போன்றதொரு நிலைபேற்று உரிமையோ அவர்களுக்கு மீண்டும் வாய்க்கவில்லை.