பழைய பாய்ப் படகு: வாங்குதலும் பேணுதலும்

கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தில், தேயிலைச் செடிகளின் நடுவே வாழும் நமக்குப் பாய்ப் படகைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். மலையகத்தார் கடலுக்குப் புதியவர் அல்லர். நம் முன்னோருட் பலர் பாக்கு நீரிணையைப் பாய்க் கலங்களிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கித் தோட்டங்களுக்கு நடந்து வந்தனர். தொழிலாளரை ஏற்றி வந்த ஆதிலட்சுமி என்னும் கப்பல் 1864ஆம் ஆண்டில் மூழ்கிய துயரம் இன்றும் நம்மிடையே நினைவுகூரப்படுகின்றது. அந்நாளிற் கலமேறிய ஏழை மக்களுக்குத் தாம் ஏறும் கலத்தின் நிலையை ஆராயும் உரிமை இருந்ததில்லை. இன்றோ நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் அவுஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளிற் கடலோர நகரங்களில் வாழ்கின்றனர். ஓய்வு பெற்றபின் உறங்கவும் சமைக்கவும் இடமுள்ள பழைய பாய்ப் படகொன்றை வாங்க விழைவோரும் அவருள் உளர். அவருக்கு ஆராயும் உரிமை முழுவதும் உண்டு. அதனைப் பயன்படுத்தும் முறையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய கலம் என்றதும் இகழ்தல் தகாது. அமெரிக்க மாலுமி யோசுவா சுலோக்கம் என்பாருக்கு 1892இல் 'ஸ்பிரே' என்னும் பழம் படகொன்று இனாமாகக் கிடைத்தது. அது நீரிலன்றி ஒரு வயலிற் கிடந்தது. அவர் ஏறக்குறைய முழுவதையும் புதுமரம் கொண்டு மாற்றினார். அதற்குப் பதின்மூன்று மாத உழைப்பும், பொருள்களுக்கென 553 டொலர் 62 சதமும் செலவாயின. 36 அடி 9 அங்குல நீளமுள்ள அப்படகில் 1895இற் புறப்பட்டு, 1898இல் உலகைத் தனியே சுற்றி வந்த முதல் மனிதர் என்னும் புகழை அவர் எய்தினார். இனாமாக வந்த படகுக்கும் ஓராண்டுக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டியிருந்தது என்பதை வாங்குவோர் முதலில் மனத்திற் கொள்க.

நம் நாட்டோடு தொடர்புடைய சான்றும் உண்டு. வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர், முப்பத்திரண்டரை அடி நீளமுள்ள 'ஸ்வாப்' என்னும் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றினார். துயிலையும் கனவையும் குறிக்கும் வடசொல்லே அதன் பெயர். அவரே பின்னர் வல்வெட்டித்துறைக்கு வந்து, 1930இல் அங்குள்ள மேத்திரிமார் பெரும்பாலும் வேப்பமரத்தாற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் 89 அடி நீளப் பாய்க்கப்பலை விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் அதனை 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என அழைத்தார். தண்டையல் தம்பிப்பிள்ளையின் தலைமையில் வல்வை மாலுமிகள் அதனைச் சூயசுக் கால்வாய், மத்தியதரைக் கடல், பெர்முடா வழியாக ஓட்டிச் சென்று, 1938 ஆகத்து மாதத்தில் மசசூசெற்சு மாநிலத்துக் குளொசுற்றர்த் துறையிற் சேர்த்தனர். உலகையே சுற்றிய ஒருவர், பல துறைகளிலும் கண்ட கலங்களோடு ஒப்புநோக்கி வல்வைத் தச்சரின் வேலைப்பாட்டைத் தேர்ந்தார் என்பது நமக்குப் பெருமை தருவதாம்.

இனி, வாங்குவோர் நோக்க வேண்டுவன யாவை?

மரப் படகாயின் அடிமரமாகிய ஏராவிலிருந்தே சோதனை தொடங்குக. ஏராவும் வங்குகளும் உறுதியாயின் ஏனைய பலகைகளை மாற்றிக்கொள்ளலாம். அவை உளுத்தனவாயின் எஞ்சியவை எத்துணை அழகியவாயினும் பயனில்லை. சிறு சுத்தியலால் மரத்தைத் தட்டுக. நல்ல மரம் கணீரென்னும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் உரியவரின் இசைவு பெற்று ஊசியால் குத்திப் பார்க்கலாம். ஈண்டு வியத்தகு செய்தி ஒன்றுண்டு. மரத்தை உளுக்கச் செய்வது பெரும்பாலும் கடல்நீரன்று; மழைநீரே. உப்பு, பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும். தேங்கிய மழைநீரோ அதனை வளர்க்கும். ஆதலின் மேற்றட்டின் ஓரங்கள், பாய்மரத்தின் அடி, சாளரங்களின் கீழ்ப்புறம் ஆகிய இடங்களை நுணுகி ஆராய்க. கடல்நீரில் மூழ்கிய பகுதிக்குப் பகை கப்பற்புழுவாகும். அது புறத்தே சிறு துளையிட்டு உட்புகுந்து, அகத்தே நெடுவழிகளை அரித்துவிடும். பலகைகளின் இடைவெளியிற் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பற்று வேலை எப்போது செய்யப்பெற்றது என்பதையும் வினவி அறிக.

இன்று விலைக்கு வரும் பழைய படகுகளிற் பெரும்பாலானவை கண்ணாடியிழையால் ஆனவை. இவை உளுக்கா என்று எண்ணி ஏமாறுதல் கூடாது. மேற்றட்டின் இரு கண்ணாடியிழைப் படலங்களுக்கு இடையே பல படகுகளில் மெல்லிய கட்டைகளோ ஒட்டுப்பலகையோ இருக்கும். ஆணித்துளை வழியே நீர் இறங்கின் அவை உள்ளேயே உளுத்துப்போம். தட்டும்போது எழும் ஒலியும், நடக்கும்போது கால் அமிழ்தலும் இதனைக் காட்டிக்கொடுக்கும். அடிப்புறத்திற் காணும் சிறு கொப்புளங்களைக் கண்டு மிக அஞ்ச வேண்டுவதில்லை. நனைந்த மேற்றட்டும், துருவேறிய ஏரா ஆணிகளுமே பெருஞ்செலவு தருவன.

பாய்மரத்தைத் தாங்கி நிற்பவை கம்பிக் கயிறுகள். துருப்பிடியா எஃகு என்னும் பெயர் கொண்டதாயினும், காற்றுப் புகாது ஈரம் தங்கும் இடத்தில் அதுவும் அரிக்கப்படும். கயிற்றின் கீழ்முனையில் ஓர் இழை அறுந்திருப்பினும் அக்கயிற்றை நம்புதல் ஆகாது. பத்து முதற் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அனைத்தையும் மாற்றுதல் பொதுவான வழக்கம். பாயைக் கெடுப்பது காற்றினும் வெயிலே. தையல் நூலை விரலால் இழுத்துப் பார்த்தால் அதன் வலிமை தெரியும். கலத்தின் அடியில் நீர் புகவும் போகவும் உள்ள குழாய்களின் அடைப்பான்கள் யாவும் கையாற் சுழல வேண்டும். அவற்றுள் ஒன்று உடையின் படகு துறையில் நிற்கும்போதே மூழ்கிவிடும்.

இவற்றை எல்லாம் தாமே பார்த்தபின்னரும், படகை நீரினின்று தூக்குவித்து, விற்பவரோடு தொடர்பில்லாத பரிசோதகர் ஒருவரைக் கொண்டு ஆராய்வித்தல் வேண்டும். பரிசோதனை திருப்தியாக அமைந்தாலே வாங்குவதாக எழுத்தில் ஒப்பந்தம் செய்க. பழைய கலங்களுக்குப் பரிசோதகரின் அறிக்கையின்றிக் காப்புறுதி கிடைத்தல் அரிது. கேட்கும் விலையை மட்டும் நோக்காது, பாய், கயிறு, இயந்திரம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவையும், ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய துறைக் கூலியையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இக்கூட்டுத் தொகை கைப்பொருளை மிஞ்சின், எத்துணை மலிவாயினும் அப்படகு விலையுயர்ந்ததே.

வாங்கியபின் பேணும் முறையைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கவ்வாத்துக்குரிய ஆண்டிற் கவ்வாத்து வெட்டாமல் விட்ட மலை பின்னர்க் கொழுந்து தராமை நாம் அறிந்ததே. படகுக்கும் அவ்வாறே தவணைகள் உள. ஆண்டுக்கொருமுறை கரையேற்றி அடிப்புறத்துப் பாசியும் சிப்பியும் சுரண்டி, அவை ஒட்டாமற் காக்கும் வர்ணம் பூசுக. சுக்கானுக்கும் சுழல்விசிறிக்கும் அருகே பொருத்தப்பெறும் நாகக்கட்டியைத் தேயத் தேய மாற்றுக. உப்புநீர் பிற உலோகங்களை அரிக்காதவாறு அக்கட்டி தானே முதலிற் கரைந்து அவற்றைக் காக்கின்றது. மழைநீர் கசியும் துளையைக் கண்ட அன்றே அடைக்க வேண்டும். செய்த வேலையையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. பின்னொரு காலத்தில் வாங்க வருபவருக்கு அதனினும் நல்ல சான்று வேறில்லை.

படகு தேடும் பழைய மாணவருக்கு இறுதியாக ஒன்று கூறுவேன். ஆராய்ந்தபின் வேண்டாம் என்று திரும்பி வருதலும் ஆராய்ச்சியின் நற்பயனே. பரிசோதனைக்குச் செலவிட்ட பணம் வீணாயிற்று என வருந்தற்க. அப்படகில் நாளை ஏறவிருந்த மனைவி மக்களின் உயிருக்குக் கொடுத்த விலை அஃது எனக் கருதுக.