உறைபனியிலும் காய்க்கும் குட்டைச் செர்ரி நம் ஊரில் காய்க்குமா?

கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் குளிர்காலத்தில் சில நாள்கள் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கும். வழக்கமான செர்ரி மரங்கள் அந்தக் குளிரில் பட்டுப்போகும். ஆனால், சுமார் 2 மீட்டர் உயரமே வளரும் ‘கார்மைன் ஜுவல்’ என்ற குட்டைச் செர்ரி அங்கே வீட்டுத் தோட்டங்களில் காய்த்துக் குலுங்குகிறது.

லெஸ் கெர் என்ற ஆய்வாளர் 1940-களில் இதற்கு வித்திட்டார். சைபீரியக் குளிரைத் தாங்கும் காட்டுச் செர்ரியையும், பெரிய பழம் தரும் புளிப்புச் செர்ரியையும் அவர் இனக்கலப்புச் செய்தார். சாஸ்கட்செவான் பல்கலைக்கழகம் அப்பணியைத் தொடர்ந்து, 1999-இல் கார்மைன் ஜுவலையும், 2004-இல் ரோமியோ, ஜூலியட் உள்ளிட்ட ரகங்களையும் வெளியிட்டது.

வளர்ப்பது எப்படி?

கனடாவில் இருக்கும் உறவினர்களுக்கு இக்குறிப்பு உதவும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் ஒரு கன்று போதும். முதல் சில ஆண்டுகள் அடியில் புல் வளர விடக்கூடாது. கோடையின் பிற்பகுதியில் உரமிடக்கூடாது; இட்டால் இளந்தளிர் விட்டு, அது குளிரில் கருகிவிடும். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை அவ்வப்போது வெட்ட வேண்டும். பழம் சிவக்கும்போது பறவைகள் வரும். வலை போட்டு மூடுவது நல்லது. புளிப்பு மிகுந்த பழம் என்பதால் ஜாம், பழரசம் செய்ய ஏற்றது.

இங்கே நட்டால்?

செர்ரி மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். 7 டிகிரிக்குக் குறைவான குளிர் பல வாரங்கள் கிடைத்த பிறகே மொட்டுகள் விழித்துச் சரியாகப் பூக்கும். நம் நாட்டில் அந்தக் குளிர் கிடையாது. கேமரன் மலையின் இரவுக் குளிரும் அதற்குப் போதாது. செடி சில காலம் உயிரோடு இருக்கலாம்; பழத்தை எதிர்பார்க்க முடியாது.

எனவே, ‘எந்த நாட்டிலும் காய்க்கும்’ என்ற இணைய விளம்பரத்தை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். நம் தோட்டப்புறங்களில் பிள்ளைகள் பறித்துத் தின்னும் ‘செரி’ மரம் வேறு இனம். அது வெப்ப நாட்டு மரம். வீட்டில் புளிப்பான சிவப்புப் பழம் வேண்டுவோர், வெயிலை விரும்பும் பார்படோஸ் செர்ரியை நடலாம். அதுவும் உண்மையான செர்ரி அல்ல. ஆனாலும் வைட்டமின் சி சத்து நிறைந்தது, தொட்டியிலும் காய்க்கும்.