பேப்பர் லாரி ஏறும் பாடநூல்கள்

சனிக்கிழமை காலையில் எங்கள் தாமானுக்குள் ஒரு லாரி வரும். "பேப்பர் லாமா, சூராட் காபார் லாமா" என்று பதிவு செய்த குரல் ஒன்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கூவும். வானொலியில் பிழைப்பு நடத்தும் எனக்கு அந்தக் குரல்மீது கொஞ்சம் பொறாமை உண்டு. அதைக் கேட்டதும் வீட்டுக்கு வீடு கதவு திறக்கிறது. என் நிகழ்ச்சிக்கு அப்படி யாரும் ஓடி வந்ததில்லை.

கடந்த ஆண்டிறுதியில் அதே மாதிரி லாரி ஒன்றை ஒரு தமிழ்ப்பள்ளி வளாகத்தில் பார்த்தேன். முதலாம் ஆண்டை முடித்த தங்கை மகளின் பாடநூல்களைத் திருப்பிக் கொடுக்க அவளோடு போயிருந்தேன். பாடநூல் அறை வாசலில் கயிற்றால் கட்டிய புத்தகக் கட்டுகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. முதுகு கிழிந்த கணிதம், கரையான் தின்ற அறிவியல், மழைநீரில் ஊறி உப்பிய நன்னெறிக் கல்வி. நடுவே யாரும் பிரித்தே பார்க்காத புத்தகங்களும் சில இருந்தன. அதுதான் உறுத்தியது.

"புதுசையும் ஏன் டீச்சர் தூக்குறீங்க?" என்று கேட்டேன்.

பாடநூல் பொறுப்பாசிரியை சிரித்தார். "புதுசுதான் தம்பி. ஆனா பழைய கலைத்திட்டம்."

நம் பிள்ளைகள் கொண்டுபோகும் பாடநூல் நம்முடையது அல்ல; அரசாங்கச் சொத்து. எஸ்பிபிடி என்று நாம் சொல்லும் பாடநூல் இரவல் திட்டம் 1975 ஜனவரியில் தொடங்கியது. அப்போது அது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும். 2008 முதல், பெற்றோரின் சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் எல்லா மலேசிய மாணவர்களுக்கும் இரவலாகக் கொடுக்கிறார்கள். ஜனவரியில் கையெழுத்துப் போட்டு வாங்குகிறோம், பிளாஸ்டிக் அட்டை போடுகிறோம், ஆண்டு முடிந்ததும் திருப்பித் தருகிறோம். தொலைத்தால் அதே நூலை வாங்கித் தரவேண்டும், அல்லது விலையைக் கட்டவேண்டும்.

திரும்பி வந்த புத்தகங்களை ஆசிரியர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியவை, பழுதானவை, கலைத்திட்டம் மாறியதால் காலாவதியானவை. முதல் வகை அலமாரிக்குப் போகிறது. மற்ற இரண்டும் மலாயில் 'பெலுபூசான்' எனப்படும் அகற்றும் வேலைக்கு வருகின்றன.

மிச்சம் எப்படி விழுகிறது? அடுத்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்துத்தான் பள்ளிகள் நூல்களைக் கேட்கின்றன. பெரிய பள்ளியில் நான்கைந்து பேர் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. நம் ஐந்நூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகளில் 150 பிள்ளைகளைக்கூட எட்டாதவை நிறைய. தோட்டத்தை விட்டு மூன்று குடும்பங்கள் பட்டணத்துக்குப் போனால் ஒரு வகுப்பே பாதியாகிவிடும். பன்னிரண்டு பேருக்குப் புத்தகம் வந்து எட்டுப் பேர் சேர்ந்தால், ஒவ்வொரு பாடத்திலும் நான்கு நூல் மிச்சம். மாவட்டத்தில் வேறு பள்ளிக்குப் பற்றாக்குறை இருந்தால் அங்கே அனுப்பலாம். கலைத்திட்டம் உயிரோடு இருக்கும்வரை இந்தப் பரிமாற்றம் நடக்கும். அது மாறிவிட்டால், ஒரு விரல் படாத புத்தகமும் கரையான் தின்றதும் ஒன்றுதான்.

அரசாங்கச் சொத்தை நினைத்தபடி எறிய முடியாது. பட்டியல் போட்டு, பரிசோதித்து, மேலிடத்தின் ஒப்புதல் வாங்கி, அகற்றியபின் அதற்கான தாளையும் கோப்பில் வைக்கவேண்டும். விற்பது, அன்பளிப்பாகக் கொடுப்பது, அழிப்பது என்று விதிகளில் வழிகள் பல உண்டு. பாடம் நடத்திக்கொண்டே இதையும் பார்க்கும் ஆசிரியருக்கு, எடைபோட்டு எடுத்துப்போகும் லாரிதான் சுலபம். அட்டையிலுள்ள பிளாஸ்டிக்கை உரிக்கவேண்டும், இல்லையென்றால் தாள் ஆலைக்கு ஆகாது. ஆலையில் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கினால், நம் ஊர்த் தமிழ்க் கதைகளும் பெருக்கல் வாய்பாடும் அட்டைப்பெட்டியாகத் திரும்பி வரும். புத்தகத்தின் உள் அட்டையில் 'இந்நூல் விற்பனைக்கு அல்ல' என்று மலாயில் முத்திரை. அதையே கிலோ கணக்கில் விற்கிறோம்.

இதில் யார்மீதும் எனக்குக் குற்றச்சாட்டு இல்லை. காலாவதியான நூலைப் பிள்ளை கையில் கொடுப்பதும் தப்பு, அறையை அடைத்துக்கொண்டு கரையான் வளர்ப்பதும் தப்பு. எனக்கு உறைத்தது வேறொன்று.

நான் ஆரம்பப்பள்ளியில் படித்த தொண்ணூறுகளின் இறுதியில் வகுப்பில் இரண்டு விதமான பிள்ளைகள். கடையில் புத்தகம் வாங்கியவர்கள் ஒரு விதம், இரவல் முத்திரை குத்திய புத்தகம் வைத்திருந்தவர்கள் இன்னொரு விதம். நான் இரண்டாவது. முத்திரை தெரியாமலிருக்க முதல் பக்கத்தைத் திருப்பாமலே வைத்திருப்பேன். இன்று யாராவது, "என் பழைய தமிழ்மொழிப் புத்தகம் வீட்டில் இருக்கு" என்று படம் எடுத்து அனுப்பினால், அநேகமாக அவர்கள் வாங்கிப் படித்தவர்களாகத்தான் இருக்கிறார்கள். எங்களைப்போன்ற வீடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் திரும்பிப் போய்விட்டன.

2008-க்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் என்னைப்போல் ஆகிவிட்டார்கள். முத்திரையைப் பார்த்து யாரும் கூசவேண்டியதில்லை; அது பெரிய நிம்மதி. ஆனால் அதே காரணத்தால் எந்த வீட்டிலும் பாடநூல் தங்குவதில்லை. ஒரு கலைத்திட்டம் முடியும்போது அதன் நூல்கள் ஏறக்குறைய மொத்தமாக லாரி ஏறிவிடுகின்றன.

ஒரு தடவை இது நம்மை நன்றாகவே பாதித்தது. நான் ஆறாம் ஆண்டை முடித்த மறுவருடம், 2003-இல், கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதில் சேர்ந்தன. அந்த இரண்டு பாடங்களின் தமிழ் நூல்கள் வகுப்பு வகுப்பாக வெளியேறின. 2009-இல் திட்டத்தைக் கைவிட முடிவெடுத்தார்கள். 2011-இல் கேஎஸ்எஸ்ஆர் வந்தபோது கணிதமும் அறிவியலும் தமிழுக்குத் திரும்பின. ஆங்கில நூல்களுக்கு வெளியேறும் முறை வந்தது. 2003-இல் முதலாம் ஆண்டில் உட்கார்ந்தவள் என் தங்கை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள், சென்ற ஆண்டு மகளின் கணிதப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "இடமதிப்புனா என்னண்ணே? இலக்க மதிப்புனு வேற ஒன்னு போட்டிருக்கு, ரெண்டும் ஒன்னா?" என்று கேட்டாள். கணக்கு அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தச் சொற்கள் மட்டும் அவள் படித்த வருடங்களில் வகுப்பில் இல்லை.

சிங்கப்பூரில் கதை வேறு. அங்கே பெற்றோர் பாடநூலை வாங்குகிறார்கள், அதனால் ஆண்டிறுதியில் புத்தகம் வீட்டில் கிடக்கிறது. ஃபேர்பிரைஸ் பேரங்காடி 1983 முதல் பழைய பாடநூல்களைச் சேகரித்துத் தேவைப்பட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவருகிறது. காலாவதியானவை அங்கும் மறுசுழற்சிக்குத்தான். ஆனாலும் எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க ஒரு குடும்பத்துக்கு வாய்ப்பு இருக்கிறது.

"தேசிய நூலகத்தில் இருக்குமே" என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். அச்சிடும் நூல்களின் படிகளைப் பதிப்பாளர்கள் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்று 1986-இல் சட்டமே வந்தது. இணையத்தில் மின்பாடநூல்களும் உள்ளன. ஆராய்ச்சி செய்பவருக்கு அது போதும். தைப்பிங்கிலோ சிகாமட்டிலோ இருக்கும் ஒரு தாய்க்கு, தான் படித்த மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தை மகனுக்குக் காட்ட வேண்டுமென்றால் கோலாலம்பூர் போகவேண்டும்.

2027-இல் முதலாம் ஆண்டிலிருந்து புதிய கலைத்திட்டம் தொடங்கும் என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. 2017-இல் சீரமைத்த கேஎஸ்எஸ்ஆர் நூல்களுக்கு அத்தோடு முறை வந்துவிடுகிறது. நான் கேட்பது பெரிதல்ல. லாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால், ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நல்ல பிரதியைப் பள்ளி வளமையத்தில் தனி அலமாரியில் வைக்க முடியுமா? பெற்றோர் ஆசிரியர் சங்கம் முறையாக எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். மரப்பலகையும் பூட்டும் வாங்கச் சங்கத்திடம் காசு இருக்கும். விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை அடிக்கும் செலவுகூட ஆகாது.

அன்று பொறுப்பாசிரியையிடம் இதைச் சொன்னேன். "யோசிக்கலாம் தம்பி, ஆனா யாராச்சும் கேட்டாத்தானே கோப்பைத் திறக்க முடியும்" என்றார். பிறகு தங்கை மகளின் நூல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சரிபார்த்தார். கணிதப் புத்தகத்தின் உள் அட்டையில் இருந்த பெயர்க்கட்டத்தில் அவள் பெயர் மூன்றாவது வரியில் இருந்தது. முதல் பெயருக்குரிய பையன் இப்போது நாங்கள் இருக்கும் தாமானிலேயே சைக்கிள் ஓட்டிக்கொண்டு திரிகிறான்.

அவள் புத்தகத்தைக் கொடுக்க மனமில்லாமல் விரலால் அடுத்த காலி வரியைத் தொட்டுக் காட்டினாள். "டீச்சர், இதுல யாரு பேரு எழுதுவாங்க?"

"அடுத்த வருஷம் ஒரு பிள்ளை எழுதும்மா" என்றார் ஆசிரியை. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி காலியாக இருந்தது.